குறிநோக்கியின் வாழ்நாள்

துப்பாக்கியின் முதுகில் அமர்ந்த தொலைநோக்கியே குறிநோக்கி. வானியலாரின் தொலைநோக்கி அசையாத தாங்கியில் நின்று அமைதியாகப் பணி செய்யும். குறிநோக்கியோ விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அடி வாங்கும். வாங்கியபின் முன்னிருந்த நிலைக்கே பிறழாமல் மீள வேண்டும். அதன் நம்பகம் முழுவதும் இந்த மீளுதலில் அடங்கியுள்ளது. விற்போர் வில்லைகளின் தெளிவைப் புகழ்கின்றனர். வாங்குவோரும் அத்தெளிவையே விலை பேசுகின்றனர். நல்ல கண்ணாடியோ தலைமுறைகள் கடந்தும் நிற்கும். முதலில் கெடுவது உள்ளேயுள்ள பொறியமைப்பு. அது கெட்டுவிட்டது என்பதைக் காட்சி சொல்லாது. பளிங்குபோல் தெளிவாகக் காட்டிக்கொண்டே, குண்டைத் தவறான இடத்துக்கு அனுப்பும் குறிநோக்கிகள் எத்தனையோ உண்டு.

கருவியின் அடிப்படை பழையது. 1611-இல் கெப்ளர் வெளியிட்ட ஒளியியல் நூல், இரு குவிவில்லைகளால் தொலைநோக்கி அமைக்கும் முறையை விளக்கிற்று. கலிலியோவின் தொலைநோக்கிக்கு இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு: குழலுக்குள்ளேயே உண்மை உரு ஒன்று விழுகிறது. அது விழும் குவியத்தளத்தில் ஓர் இழையை நிறுத்தினால், தொலைவிலுள்ள பொருளும் இழையும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும். இதன் பயனை 1640-ஐ ஒட்டி உணர்ந்தவர் வில்லியம் காசுக்காயின் என்னும் ஆங்கில வானியலார். அவருடைய கருவிக்குள் ஒரு சிலந்தி இழுத்துவைத்த நூலே அவருக்கு வழிகாட்டிற்று என்பர். 1644-இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் மார்சுட்டன் மூர்க் களத்தில் அவர் மாண்டார். விண்மீன்களை அளக்கப் பிறந்த அவ்விழை, பின்னர் துப்பாக்கிக்கு வந்து சேர்ந்தது.

இன்றைய குறிநோக்கிக்குள் வில்லைகள் மூன்று தொகுதிகளாக நிற்கின்றன. முன்னே பொருளருகு வில்லை, பின்னே கண்ணருகு வில்லை. இடையே, தலைகீழாக விழும் உருவை நிமிர்த்தும் வில்லைகள் ஒரு சிறு உட்குழலுக்குள் பொதிந்திருக்கும். குறிக்கு உதவும் குறுக்குக் கம்பி இந்த உட்குழலின் முன்முனையிலோ பின்முனையிலோ இருக்கும். உட்குழல் வெளிக்குழலோடு இறுகப் பிணைக்கப்பட்டதன்று. அதன் பின்முனை ஒரு மூட்டில் தங்க, முன்முனை மூன்று தாங்கல்களுக்கு இடையே மிதக்கும்: மேலிருந்து ஒரு திருகு, பக்கத்திலிருந்து ஒரு திருகு, இவ்விரண்டுக்கும் எதிரே ஒரு வில்தகடு. வெளியே தெரியும் குமிழ்களைத் திருகும்போது நாம் செய்வதெல்லாம், அந்த வில்தகட்டை எதிர்த்தோ அதற்கு இடங்கொடுத்தோ உட்குழலைச் சற்றே சாய்ப்பதுதான். விலை மிக்க குறிநோக்கியின் குறிநிலை முழுவதும், கடைசியில், ஒரு சிறு வில்லின் அழுத்தத்தில் நிற்கிறது.

எவ்வளவு சாய்க்கிறோம் என்று பார்த்தால் வியப்பு மிகும். குமிழின் ஒரு சொடுக்கு, 100 மீட்டர் தொலைவில் குண்டு விழும் இடத்தை 1 செ.மீ. மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பொருளருகு வில்லையின் குவியத்தொலைவு 200 மி.மீ. என்றால், உள்ளே நகர வேண்டியது 0.02 மி.மீ. மட்டுமே. தலைமயிரின் தடிப்பு இதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும். வெளியே, குறிநோக்கியைத் துப்பாக்கியோடு கட்டும் இரண்டு வளையப் பிடிகளுக்கு இடையே 100 மி.மீ. இடைவெளி இருப்பின், அவற்றுள் ஒன்று 0.01 மி.மீ. நழுவினாலும் அதே ஒரு செ.மீ. பிழை நேரும். ஒரு துளி பசையின் சுருக்கம், திருகின் அடியில் சிக்கிய ஒரு தூசு, இவையே போதும்.

இனி அடியின் அளவு. 7.62 மி.மீ. நேட்டோ வகைத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 9.5 கிராம் எடையுடன், நொடிக்கு 840 மீட்டர் விரைவில் குழலை நீங்கும். அதனோடு விரையும் வெடிமருந்து வளியின் பங்கையும் சேர்த்து உந்தத்தைக் கணக்கிட்டால், 4 கிலோ துப்பாக்கி ஒன்று அந்நொடியில் பின்னோக்கி நொடிக்கு 2.3 மீட்டர் அளவில் விரைவு பெற்றிருக்கும். மெல்லோட்டம் ஓடுவோரின் விரைவுதான். ஆனால் அசைவற்ற நிலையிலிருந்து அவ்விரைவை அடைய ஆகும் பொழுது, ஒரு மில்லிநொடிக்குச் சற்றே மேல். அதனால் சராசரி முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 200 மடங்கை எட்டும்; உச்சம் அதனினும் மிகும். அரைக்கிலோ குறிநோக்கி அப்போது தன் வளையப் பிடிகளை ஏறத்தாழ 100 கிலோ எடையின் விசையோடு இழுக்கிறது. உள்ளே 50 கிராம் எடையுள்ள உட்குழல் 10 கிலோ எடையின் விசையோடு தன் மூட்டையும் வில்தகட்டையும் தாக்குகிறது. குறிநோக்கி பருத்து ஒரு கிலோவை நெருங்கினால் விசையும் இரட்டிக்கும். பருமனை வலிமை என்று எண்ணுவோர் மிகப் பலர். என் கருத்தில், தேவைக்கு மிஞ்சிய கண்ணாடியும் குழலும் பின்னுதைப்புக்குத் தாமே இரையிட்டுக்கொள்கின்றன.

இந்த அடி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் விழும்போது, முதலில் தளர்வது வில்தகடு. உலோகக் களைப்பு என்று பொறியியலார் கூறும் நிலை அது. தளர்ந்த வில் உட்குழலைத் திருகோடு ஒட்டி அழுத்த மாட்டாது. தொலை இலக்குக்காக மேல்குமிழை உயர்த்துகையில் திருகு மேலேறி வில்லுக்கு இடங்கொடுக்கும். வில் விரிய விரிய அதன் அழுத்தம் குறையும். ஆகவே, மிகத் துல்லியம் வேண்டும் தொலைவிலேதான் பழைய குறிநோக்கி மிகவும் வலுவிழந்து நிற்கிறது. குமிழைத் திருகியபின் முதற்குண்டு பழைய இடத்திலேயே விழுந்து, அதன் பின்னுதைப்பால் குலுங்கிய உட்குழல் அடுத்த குண்டுக்குத்தான் புதிய இடத்தை அடைவதுண்டு. பழைய வேட்டைக்காரர் குமிழைத் திருகியதும் விரல்முட்டியால் அதைத் தட்டுவர். பார்ப்போருக்கு அது சடங்குபோலத் தோன்றும். உண்மையில், உராய்வில் சிக்கிய உட்குழலை விடுவிக்கும் மருத்துவம் அது.

வில்லுக்கு அடுத்துத் தேய்வது திருகின் முனை. அது உட்குழலைத் தொடும் இடம் ஒரு புள்ளியளவே. பித்தளை முனை அங்கே குழிந்தால், ஒரு சொடுக்குக்கு உரிய நகர்வு கிடைக்காது. மூன்றாவது, வில்லைகளைப் பிடித்திருக்கும் புரிவளையங்கள். அவை இறுகப் பூட்டப்பட்டுப் பசையும் இடப்பட்டிருக்கும். பசை விட்டால் வளையம் சுழலும், வில்லை ஆடும். குறுக்குக் கம்பியும் அறுபடலாம். உண்மையான கம்பியாயின் அறும். கண்ணாடித் தட்டில் பொறித்த கோடாயின் அறாது, ஆயினும் அத்தட்டில் ஒட்டும் ஒவ்வொரு துகளும் பார்ப்பவர் கண்ணுக்குப் பாறையாகத் தெரியும்.

பெரிய வேட்டைத் துப்பாக்கியைத் தாங்கிய குறிநோக்கி, சிறு காற்றுத் துப்பாக்கியில் சிதைந்துபோவதைக் கண்டு பலர் திகைப்பர். சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியில் கனத்த உந்துதண்டு ஒன்று முன்னோக்கிப் பாய்கிறது; அப்போது துப்பாக்கி பின்னோக்கி நகரும். தண்டு குழாயின் முகப்பை எட்டி நின்றதும் துப்பாக்கி சட்டென முன்னோக்கி இழுக்கப்படும். வெடிமருந்துத் துப்பாக்கியின் அடி ஒரு திசையில் வருவது. அதற்கென வடிவமைத்த வில்லைகள் அத்திசையில் மட்டும் முட்டுக்கொடுக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் வரும் அடிக்கு அங்கே காப்பு இல்லை. அடி சிறிதாயினும் வரும் பக்கம் புதிது என்பதால் கருவி வீழ்கிறது. காற்றுத் துப்பாக்கிக்கெனவே இருபுறமும் முட்டுக்கொடுத்த குறிநோக்கிகள் தனியே செய்யப்படுவது இதனால்தான்.

அடியை எதிர்ப்பதைவிட அதனின்று விலகுவது மேல் எனக் கருதியவரும் உளர். பிட்சுபர்க்கு நகரின் யான் உனெர்ட்டில் செய்த குறிநோக்கிகளில் குழல் தன் பிடிகளில் இறுக்கப்படவில்லை. வழுக்கிச் செல்ல விடப்பட்டது. துப்பாக்கி பின்னே பாயும்போது குழல் தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயலும். பிடிகள் அதன்மேல் வழுக்கிச் செல்லும். 200 மடங்கு முடுக்கம் குழலுக்குள் நுழைவதே இல்லை. திருத்தும் திருகுகளும் உள்ளே இல்லை. பின்பிடியிலுள்ள நுண்ணளவுத் திருகுகள் குழல் முழுவதையும் சாய்த்தன. உள்ளே அசையும் உறுப்பு இல்லாததால் தளரவும் ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மரீன் படை இவ்வகையின் 8 மடங்கு உருப்பெருக்கக் குறிநோக்கியை ஏற்றது. வழுக்கிய குழலை மீட்கும் சுருள்வில்லில் மண் சேர்வதைக் கண்டு, அதையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முறை சுட்டபின்னும் குழலைக் கையால் பின்னே இழுத்து நிறுத்தினர். பின்னர் வியட்நாமிலும் இதே கருவி பணிபுரிந்தது. வழுக்கும் பரப்பு திறந்து கிடப்பதால் மண்ணும் மழையும் அதற்குப் பகை. விரைந்து அடுத்த குண்டைச் சுடவும் இயலாது. இருந்தும், குறிநோக்கியின் வரலாற்றில் இதனினும் அறிவார்ந்த அமைப்பை நான் அறியேன்.

இதன் எதிர்முனையில் நிற்பது 1930-இல் வில்லியம் வீவர் உருவாக்கிய மலிவுக் குறிநோக்கி. செல்வர் கையில் மட்டும் இருந்த கருவியை அவர் எளிய வேட்டைக்காரருக்குக் கொண்டுவந்தார். அந்தப் புகழ் அவருக்கே உரியது. அதே குறிநோக்கி உலகப்போரில் எம்1903ஏ4 துப்பாக்கியின்மேல் ஏற்றப்பட்டு, அமைதிப் பெருங்கடல் தீவுகளின் மழைக்கும் புழுக்கத்துக்கும் ஆளானபோது, உள்ளே நீராவி புகுந்து வில்லைகள் மூடிப்போயின. ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குச் செய்த பொருளைப் போருக்கு அனுப்பியோரின் பிழை அது.

பாடம் முற்றும் கற்கப்படவில்லை. 1966-இல் மரீன் படை ஏற்ற எம்40 துப்பாக்கியில் ரெட்பீல்டு நிறுவனத்தின் 3 முதல் 9 மடங்கு வரை மாறும் குறிநோக்கி அமர்ந்தது. தொலைவைக் கணிக்கும் அளவுகோலும் அதற்குள் இருந்தது. அக்கோல் நெகிழிப்பொருளால் ஆனது. பொருளருகு வில்லை கதிரவனை நேர்நோக்க நேர்ந்தால், குவியத்தளத்தில் குவியும் வெப்பம் அந்நெகிழியை உருக்கிவிடும். வியட்நாமின் ஈரமும் உள்ளே புகுந்தது. அடுத்து வந்த எம்40ஏ1 துப்பாக்கிக்கு மரீன் படை தேர்ந்தது, உருப்பெருக்கம் மாறாத, 10 மடங்கு உனெர்ட்டில். சோவியத்து நாடோ எளிமையின் பக்கம் நின்றது. அதன் 3.5 மடங்கு பி.யூ. குறிநோக்கி 270 கிராம் எடையே கொண்டது. அதில் குமிழைத் திருகினால் குறுக்குக் கம்பியே நகரும். காட்சியின் நடுவிலிருந்து விலகியும் நிற்கும். அழகில்லைதான். ஆனால் உடைய வேண்டியதும் அதில் அதிகமில்லை. எண்பதாண்டு கடந்தும் மோசின் துப்பாக்கிகளின்மேல் அவை குறி பார்க்கின்றன.

ஈரத்தின் செயலை எண்களில் காண்போம். குறிநோக்கியின் உட்கொள்ளளவு 100 கன செ.மீ. எனக் கொண்டால், 30 பாகை செல்சியசு வெப்பத்தில் அது தாங்கவல்ல நீராவி மொத்தம் 3 மில்லிகிராம். அச்சிறு துளி குளிர்ந்த வில்லையின்மேல் படிந்தால் காட்சி முற்றும் மறைந்துவிடும். இதனால்தான் உட்காற்றை வெளியேற்றி உலர்ந்த நைட்ரசனை நிரப்பி, ரப்பர் வளையங்களால் மூட்டுகளை அடைக்கின்றனர். சில நிறுவனங்கள் ஆர்கான் நிரப்பி, அதன் துகள் பெரிதாதலால் கசியாது என விளம்பரம் செய்கின்றன. இயற்பியல் இதை ஒப்பவில்லை: வளிகள் நுண்துளைகளில் நுழைவதைக் கணிக்கும் அளவில் ஆர்கானின் விட்டம் 0.340 நானோமீட்டர், நைட்ரசன் மூலக்கூறின் விட்டம் 0.364. நீராவியோ இவ்விரண்டினும் சிறிது. அது உள்ளே வருவதற்கு உள்வளி வெளியேற வேண்டும் என்பதும் இல்லை. தன் பகுதியழுத்த வேறுபாடு ஒன்றே அதற்குப் போதும். ரப்பர் வளையம் முதிர்ந்து விறைத்த நாளே அடைப்பின் கடைசி நாள், உள்ளே எந்த வளி இருந்தாலும்.

ஈரத்தோடு வரும் இன்னொரு பகை பூஞ்சை. வெப்ப நாடுகளில் படக்கருவி வைத்திருப்போர் அனைவரும் இதனை அறிவர்: இருட்டான தோலுறைக்குள் பூட்டி வைத்த வில்லையில் வெண்ணிற வலை படரும். அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்துக் கண்ணாடியிலும் தடம் பதிக்கும். துடைத்தாலும் அத்தடம் போகாது. நல்ல குறிநோக்கியை உறைக்குள் வைத்துப் பேணுவதாக எண்ணிக் கெடுப்போர் உண்டு. காற்றும் வெளிச்சமும் உலர்வும் அதற்கு நல்லவை.

கண்ணாடியின் முதுமைக்கு வேறு இரு வாயில்கள் உள்ளன. பூச்சில்லாக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். 1935-இல் கார்ல் செய்சு நிறுவனத்தின் அலெக்சாண்டர் சுமக்குலா கண்ட மெல்லிய மேற்பூச்சு இவ்விழப்பை ஒடுக்கிற்று. அப்பூச்சைத் தேய்ப்பது போரோ வேட்டையோ அன்று. சட்டை நுனியால் தூசோடு சேர்த்துத் துடைக்கும் கைதான். இன்னொன்று, இரட்டை வில்லைகளை ஒட்டிய பசை. பழைய கருவிகளில் அது கனடா நாட்டுப் பைன்வகை மரப்பிசின். ஆண்டுகள் செல்ல அது மஞ்சளித்து ஓரங்களில் விரியும். பின்வந்த செயற்கைப் பசைகள் இக்குறையைப் பெரிதும் நீக்கின.

வெப்பமும் குறியை நகர்த்தும். அலுமினியக் குழல் ஒவ்வொரு பாகைக்கும் எஃகைப்போல் இருமடங்கு நீளும். எஃகுத் துப்பாக்கியின்மேல் 100 மி.மீ. இடைவெளியில் பூட்டிய அலுமினியக் குழல், 40 பாகை வேறுபாட்டில் பிடிகளுக்கு இடையே 0.04 மி.மீ. முரண்டுபிடிக்கும். பிடிகள் சீராக இருந்தால் அது நீளவாக்கில் அடங்கிவிடும்; கோணலாக இருந்தால் குழலை வளைக்கும். ஒளிப்படிமக் குறிகாட்டி என்னும் உறவுக்கருவி ஒன்றின் கதை இங்கே நினைக்கத்தக்கது. வெப்பமும் குளிரும் மாறும்போது ஈயோடெக் குறிகாட்டிகளின் குறி நகர்ந்தது. அதை மறைத்து அரசுக்கு விற்றதாக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள, ஈயோடெக்கின் அன்றைய உரிமையாளரான எல்-3 நிறுவனம் 2015-இல் 2.56 கோடி டாலர் செலுத்தியது. டிரிட்டியம் என்னும் கதிரியக்க வளியால் ஒளிரும் குறிகளுக்கு இயற்கையே நாள் குறித்துவிடுகிறது: அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டு, அதன்பின் ஒளி பாதி, இன்னொரு 12.3 ஆண்டில் கால். இதனை எவரும் மாற்ற முடியாது.

இத்தனைக்கும் பின்னர், களத்தில் நேரும் குறிப்பிழைகளுள் கருவியின் குற்றம் எவ்வளவு? முதல் உலகப்போரில் மேற்குக் களத்துக்குச் சென்ற பிரித்தானியப் படையதிகாரி எசுக்கெத்து பிரிச்சர்டு, படையினரின் குறிநோக்கித் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, அவற்றுள் மிகப் பல குறிநிலை தவறியிருக்கக் கண்டார். அவற்றைப் படையினருக்குக் கொடுத்தவர்கள் பயன்படுத்தும் முறையைக் கற்றுக்கொடுக்கவில்லை. இன்றும் பிழை பெரும்பாலும் பிடியில் இருக்கிறது: தளர்ந்த திருகு, எண்ணெய் படிந்த அடித்தளம், அல்லது அளவுக்கு மீறி இறுக்கிக் குழலை நசுக்கிய வளையம். நசுங்கிய குழலுக்குள் உட்குழல் எப்படிச் செம்மையாக நகரும்?

குறிநோக்கி கெட்டதா என அறிவதும் எளிதன்று. துப்பாக்கியே குண்டுகளைச் சிதறடிக்கும். 100 மீட்டரில் அச்சிதறலின் திட்ட விலக்கம் 1 செ.மீ. எனில், மூன்று குண்டுகளின் நடுப்புள்ளியே 0.6 செ.மீ. அளவில் தானே அலையும். மூன்று சுட்டு, குமிழைத் திருகி, மீண்டும் மூன்று சுட்டுக் குறைகூறுவோர் தற்செயலோடு சண்டையிடுகின்றனர். ஒவ்வொரு நிலைக்கும் பத்துக் குண்டாவது சுட்டால்தான் ஒரு செ.மீ. நகர்வைப் பற்றி ஓரளவு துணிந்து பேசலாம். நல்ல ஆய்வுமுறை ஒன்று உண்டு: இருபது சொடுக்கு வலம், இருபது மேல், இருபது இடம், இருபது கீழ் எனக் குமிழைத் திருப்பி நான்கு மூலையிலும் சுடுவது. சதுரம் மூடி, கடைசிக் குண்டுகள் தொடங்கிய இடத்தில் விழுந்தால் வில்லும் திருகும் நலம். சதுரம் திறந்து நின்றால், காட்சி எத்தனை தெளிவாயினும் அக்கருவியின் வாழ்நாள் முடிந்தது.

தயாரிப்போரும் அடித்துப் பார்க்கின்றனர். லியூபோல்டு நிறுவனம் தன் வடிவமைப்புகளை, .308 துப்பாக்கியின் பின்னுதைப்பைப்போல் மும்மடங்கு தாக்கும் பொறியில் 5,000 முறை அடித்துத் தேர்வதாகக் கூறுகிறது. பாராட்டத்தக்கது, ஆனால் பொறி அடிப்பது வடிவமைப்பின் ஒரு படியை, நம் கையிலுள்ள படியை அன்று. பல நிறுவனங்கள் வழங்கும் வாழ்நாள் உறுதியும் அப்படியே. பழுதானால் மாற்றித் தருவோம் என்பதே அதன் பொருள். பழுதாகாது என்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. காட்டின் நடுவே குறி நகர்ந்தவருக்கு அஞ்சலில் வரும் மாற்றுக்கருவியால் என்ன பயன்?

என்னைக் கேட்டால், உருப்பெருக்கம் மாறாத, எடை குறைந்த, உள்ளுறுப்புகள் சிலவே கொண்ட குறிநோக்கியைத்தான் நெடுநாள் நம்புவேன். மாறும் உருப்பெருக்கம் உட்குழலுக்குள் நகரும் வில்லைகளைச் சேர்க்கிறது. நகரும் ஒவ்வொன்றும் தேயும். வாங்குவோர் விருப்பமோ மறுபக்கம் சாய்ந்துவிட்டது. மாறா உருப்பெருக்கக் குறிநோக்கிகள் இன்று கடைகளில் அருகிவிட்டன.